எவடம் என்று கேட்டவர்

அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். அன்பெல்லாம் அதற்குப் பிறகு, அரை மனதோடு வரும். ஆறு வருடம் ஒருவரோடு சேர்ந்து ஒரே வேலையைச் செய்துவிட்டு இப்படி எழுதுவது சரியில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் அவரோடு வேலை செய்து பார்த்தவர்கள் என்னைக் குறை சொல்லமாட்டார்கள்.

வேலை என்றால் சம்பளத்துக்குச் செய்வதில்லை. வன்னி விவசாயிகளுக்கென்று முகநூலில் ஒரு குழு. அதைத் தொடங்கியவர் அவர். நான் இரண்டாவது அட்மின். முள்ளியவளையில் வாட்டர் பம்ப் திருத்தும் கடை வைத்திருந்தார் அவர்; எனக்குக் கனகராயன்குளத்தில் போட்டோகொப்பிக் கடை. தமிழில் வேகமாகத் தட்டத் தெரியும் என்பதுதான் என்னை அவர் சேர்த்துக்கொண்டதற்குக் காரணம்.

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர் எழுதுவது நேரே உள்ளே போகாது. அட்மின் பார்த்து அனுமதித்தால்தான் மற்றவர்கள் கண்ணில் படும். அதுவரை அது பென்டிங். பின்னேரங்களில் அவர் பம்புகளின் வயிற்றை மூடிவிட்டு, கையை மண்ணெண்ணெயில் கழுவி, கதிரையை வாசலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு போனைத் திறப்பார். உரப்பை விளம்பரம், எலிக்காய்ச்சல் சந்தேகம், மிளகாய்க் கன்றின் படம், வெறும் 'வணக்கம்' என்று எல்லாம் அவருக்காக வரிசையில் நிற்கும். ஒவ்வொன்றாகப் பார்ப்பார். பத்தில் ஒன்பதுக்கு அவர் சொல்வது ஒன்றுதான்.

"பென்டிங்கிலை கிடக்கட்டும்."

அந்தச் சொல்லை அவர் குழுவுக்கு மட்டும் வைத்திருந்தால் பரவாயில்லை. சந்தியில் புதிதாக ஒரு சாப்பாட்டுக்கடை திறந்தபோது, ஆர் ஆக்களெண்டு பாப்பம், பென்டிங்கிலை கிடக்கட்டும் என்று மூன்று மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. கலியாண அழைப்பிதழ் வந்தால் முதலில் பின்பக்கத்தைத் திருப்பி, எந்த அச்சகம் என்று பார்ப்பார். யார் தேத்தண்ணீர் கொடுத்தாலும் ஒருமுறை மணந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். மகளுக்குப் பேசிவந்த மாப்பிள்ளை வீட்டாரிடம் அவர் கேட்ட கேள்விகளில் களைத்துப்போய் மாப்பிள்ளையின் தகப்பனார் எழுந்து போய்விட்டாராம். "என்ர பிள்ளை ரெண்டு வருசம் பென்டிங்கிலை கிடந்தவள்" என்று அவருடைய மனைவியே என்னிடம் சொல்லிச் சிரித்தார். பிறகு அதே மாப்பிள்ளைக்குத்தான் கட்டிக்கொடுத்தார்கள்.

பம்ப் கொண்டு வருபவர்களுக்கும் இதே கதிதான். "வேலை செய்யேல்லை எண்டு சொல்லாதை. எப்ப நிண்டது, என்ன எண்ணெய் விட்டனி, கடைசியாக் கழட்டினது ஆர், அதைச் சொல்லு" என்பார். மூன்றுக்கும் பதில் வராமல் ஆணியில் கை வைக்கமாட்டார். கை வைத்தால் அந்தப் பம்ப் பிறகு மூன்று போகத்துக்கு மக்கர் பண்ணாது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

குழுவில் சேர்பவர்களுக்கும் அவர் மூன்று கேள்வி வைத்திருந்தார். எவடம்? என்ன பயிர்? குழுவிலை உங்களை அறிஞ்ச ஒரு ஆள் ஆர்?

இரண்டாவது கேள்வி யாருக்கும் கஷ்டமில்லை. மூன்றாவதால், உள்ளே அறிந்த ஆள் இல்லாதவன் சேர்ந்தாலும் அவனுடைய பதிவு வெளியேதான் நிற்கும். முதலாவது எவ்விடம் என்ற சொல்தான்; எங்கள் பக்கத்தில் எந்த இடம் என்று கேட்பதற்கும் அதுதான், சொந்த ஊர் எது என்று கேட்பதற்கும் அதுதான். அதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

கனடாவிலிருந்து ஒருவர் சேரக் கேட்டார். எவடம் என்ற கேள்விக்கு டொரொண்டோ என்று எழுதியிருந்தார். இவர் உடனே செய்தி அனுப்பினார்: 'உது இருக்கிற இடம். நான் கேட்டது எவடமெண்டு.' அந்த மனுசன் சிரித்துக்கொண்டு 'தண்ணீரூற்று, பள்ளிக்கூடத்துக்குப் பின்வளவு' என்று பதில் போட்டார். அடுத்த நிமிடம் அவர் உள்ளே. முப்பது வருடமாக வயலில் கால் வைக்காதவர். ஆனால் எவடம் என்று சொல்ல அவருக்கு ஒரு இடம் இருந்தது.

"இருக்கிற இடம் வேறை, எவடம் வேறை தம்பி" என்று அன்றைக்கு எனக்குப் போனில் விளக்கம் சொன்னார். எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அந்தச் சொல்லின் முழுக் கனமும் எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும்.

புதிதாக மாற்றலாகி வந்த விவசாயப் போதனாசிரியர் ஒருவரின் கதையைச் சொன்னால் இன்றைக்கும் சிரிப்பார்கள். நெல்லில் எரிபந்த நோய் பரவுகிறது, என்ன செய்யவேண்டும் என்று நல்ல விளக்கமாக எழுதிப் போட்டிருந்தார். சுயவிவரப் படத்தில் அவருடைய முகத்துக்குப் பதிலாக ஒரு தாமரைப்பூ. குழுவில் அவரை அறிந்தவர் யாரும் இல்லை. பதினொரு நாள் அந்தப் பதிவு கிடந்தது. "அண்ணை, அது உண்மையான ஆள்தான், விடுங்கோ" என்று நான் நாலு தரம் சொன்னேன். கேட்கவில்லை. கடைசியில் அந்த மனுசன் திணைக்கள அடையாள அட்டையோடு முள்ளியவளைக்கே வந்து கடை வாசலில் நின்றார். இவர் அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, ஆளின் முகத்தையும் பார்த்து, "இப்ப ஆளைக் கண்டிட்டன்" என்று அங்கேயே வைத்து அனுமதித்தார். எரிபந்தம் பதினொரு நாள் காத்திருக்குமா? கேட்டால், "தாமரைப்பூவை நம்பி மருந்தடிக்கச் சொல்லுறீரோ?" என்று என்மேல் பாய்ந்தார்.

ஒருநாள் அவர் உதிரிப்பாகம் வாங்க வவுனியாவுக்குப் போகும்போது நானும் கூடப் போனேன். பஸ் ஓமந்தையில் முந்தி சோதனைச்சாவடி இருந்த இடத்தைத் தாண்டும்போது வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்: "உதிலை வெயிலுக்கை நாலு மணித்தியாலம் நிண்டிருக்கிறன். எவடம், எங்க போறாய், அங்க உன்னைத் தெரிஞ்ச ஆள் ஆர். சொன்னதையே திருப்பித் திருப்பிக் கேப்பாங்கள்."

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அண்ணை, அந்தக் கேள்வியளைத்தானே நீங்களும் குழு வாசலிலை வச்சிருக்கிறியள்" என்றேன்.

அவர் முகம் கறுத்துவிட்டது. "அவங்கள் என்னை மறிக்கக் கேட்டவங்கள். நான் சனத்தைக் காக்கக் கேக்கிறன். ரெண்டும் ஒண்டோ?" என்றார்.

அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. அதனால்தான் எனக்கு இன்னும் எரிச்சல். எல்லாம் பிழை என்றால் ஒரேயடியாக வெறுத்துவிட்டுப் போகலாம்.

தொடக்கத்தில் அவர் இப்படி இல்லை. யார் எழுதினாலும் விட்டுவிடுவார். ஒரு மழைக்காலத்தில் ஒரு செத்தவீட்டில் நின்றுகொண்டு, சரியாகப் பார்க்காமல் ஒரு பதிவுக்கு அனுமதி கொடுத்துவிட்டார். பெரிய குளமொன்று உடைகிறது, ஓடுங்கோ என்று அதில் இருந்தது. கூடவே தண்ணீர் பாய்ந்து வரும் ஒரு காணொளி. எந்த நாட்டில் எப்போது எடுத்ததோ தெரியாது. இரண்டு ஊர்ச் சனம் கொட்டும் மழையில் குழந்தை குட்டிகளோடு பள்ளிக்கூடத்துக்கு ஓடியது. குளத்துக்கு ஒன்றுமே இல்லை. ஓடிய ஓட்டத்தில் ஒரு வயதானவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அந்த மனுசனை இவர் கிழமைக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தார். வீட்டுக்கு வந்த பிறகு, பிடித்து நடக்கும் இரும்புச் சட்டம் ஒன்றைத் தன் கையாலேயே பற்றவைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். பிடிக்கும் இடத்தில் சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுற்றியிருந்தார், கை வழுக்காமல் இருக்க.

அதற்குப் பிறகுதான் மூன்று கேள்விகளும் வந்தன. இன்னொரு சட்டமும் வந்தது. மழை, வெள்ளம், குளம் பற்றிய பதிவென்றால் இரண்டு அட்மினும் ஓம் என்றால்தான் போகும். நானும் தலையாட்டியவன்தான்.

இப்போது என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். சொல்லாமல் மிச்சக் கதை விளங்காது. அம்மாவும் அப்பாவும் கலவரத்தோடு மலையகத்திலிருந்து ஓடிவந்தவர்கள். தேயிலைக் கொழுந்து பறித்த கையால் இங்கே காடு வெட்டினார்கள். நான் பிறந்தது இங்கேதான். வீட்டில் நாங்கள் 'சொல்லுங்க' என்போம். பள்ளிக்கூடத்தில் 'சொல்லுங்கோ'. எட்டு வயதில் ஒருநாள் வகுப்பில் மறந்துபோய் 'தெரியலைங்க டீச்சர்' என்று சொல்லிவிட்டேன். அந்த 'ங்க'வை அந்த வருடம் முடியும்வரை பின்வரிசை வாங்கில் இருந்தவன்கள் எனக்குப் பட்டமாக வைத்திருந்தான்கள். பிறகு நான் மறக்கவில்லை. ஒரு 'ஓ' சேர்த்தால் போதும், யாரும் மேலே ஒன்றும் கேட்கமாட்டார்கள். எவடம் என்றால் கனகராயன்குளம் என்பேன். 'ங்கோ' போட்டுக் கதைப்பவனிடம் உன் தாய்தகப்பன் எவடம் என்று யாரும் கேட்பதில்லை. அவரும் கேட்கவில்லை, ஆறு வருடமாக.

அந்த மார்கழி விடாமல் மழை. ஒரு சனிக்கிழமை காலை, பத்து மணி இருக்கும். பென்டிங்கில் ஒரு பெண்ணின் பதிவு. ஒரு கிழமைக்கு முன்னர்தான் சேர்ந்திருந்தார். சுயவிவரப் படத்தில் ஒரு ரோசாப்பூ. என்ன பயிர் என்பதற்கு நெல்லு என்று எழுதிவிட்டு, மற்ற இரண்டையும் வெறுமையாக விட்டிருந்தார். பதிவில் இருந்தது இதுதான்:

'எங்க ஊரு சின்ன கொளத்து கட்டுல தண்ணி கசியுதுங்க. நேத்து தெளிவா வந்துச்சு, இன்னைக்கு கலங்கலா வருதுங்க. லீவு நாள்ல யார்கிட்ட சொல்றதுன்னு தெரியலைங்க. கீழ நாப்பது ஏக்கர் இருக்கு. பெரிய ஆளுங்க யாராச்சும் பாத்து உதவி பண்ணுங்க.'

கூடவே ஒரு படம். கட்டின் அடிப்பக்கம், பெருவிரல் மொத்தத்தில் ஒரு சேற்றுத் தண்ணீர்க் கோடு. மேல் மூலையில் ஒரு வேப்பமரத்தின் அடி.

எங்கள் குழுவில் கமநலத் திணைக்கள ஆட்களும் நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஒருவரும் இருந்தார்கள். உள்ளே விட்டிருந்தால் லீவு நாளென்றாலும் யாராவது ஒருவர் கண்டிருப்பார். அந்தப் பெண்ணுக்கும் அது தெரிந்துதான் அங்கே வந்திருந்தார்.

'தெரியலைங்க' என்ற சொல்லைக் கண்டதும் எனக்கு எங்கள் குசினியிலிருந்து அம்மா கதைப்பது போல இருந்தது. இது எங்கள் ஆள், நெடுங்கேணிப் பக்கத்தில் எங்கோ ஒரு குடியேற்றம் என்று எனக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. அவரை அழைத்தேன்.

"கண்டனான் தம்பி" என்றார். "கலங்கல் தண்ணி எண்டால் குளக்கட்டை உள்ளுக்குள்ளாலை தின்னுது எண்டு அர்த்தம். உண்மையெண்டால் பெரிய விசயம்தான். அதுதான் சொல்லுறன், உண்மையோ எண்டு முதல் பாப்பம். எவடம் எண்டு கேட்டு அனுப்பியிருக்கிறன்."

ஐந்து நிமிடத்தில் திரும்ப அழைத்தார். குரலில் கோபம். "பதில் வந்திட்டுது. எவடம் எண்டு கேட்டால் 'கெழக்குப் பக்கம்ங்க, வேப்ப மரத்துக்கு அடியில'யாம். விளையாட்டுத்தானே? எவடம் எண்ட சொல்லே விளங்கேல்லை. 'தெரியலைங்க', 'கசியுதுங்க'. உது எங்கடை ஆக்களின்ர கதையோ? இந்தியாவிலை இருந்து ஆரோ படம் ஒண்டை எடுத்துப் போட்டுச் சனத்தை வெருட்டுறான். போனமுறை மாதிரித்தான்."

"அண்ணை, உண்மையாவும் இருக்கலாம்" என்றேன்.

"எப்பிடிச் சொல்லுறீர்?"

சொல்லியிருக்கவேண்டும். எங்கள் அம்மாவும் இப்படித்தான் கதைப்பா என்று ஒரு வசனம். அவ்வளவுதான் தேவைப்பட்டது. என் வாயில் வரவில்லை. "சும்மா ஒரு எண்ணம்தான்" என்றேன்.

"எண்ணத்துக்கு விடேலாது. பென்டிங்கிலை கிடக்கட்டும்."

அந்தப் பொறியியலாளரின் இலக்கம் என்னிடம் இருந்தது. சட்டத்தை மீறாமலே ஒரு அழைப்பு எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. அவர்தானே பெரிய அட்மின், அவரே பொறுப்பு, திங்கட்கிழமை பார்ப்போம் என்று எனக்கு நானே சொல்லிவிட்டு, யாருடையவோ காணி உறுதிப் பத்திரத்தைக் கொப்பி எடுக்கப் போய்விட்டேன்.

ஞாயிறு மத்தியானம் கட்டு உடைந்தது. உயிர்ச்சேதம் இல்லை. பின்னேரம் குழுவில் பழைய உறுப்பினர் ஒருவர் படம் போட்டார். அவரை எல்லோருக்கும் தெரியும் என்பதால் அவருடைய படம் நேரே உள்ளே போனது. கட்டு இருந்த இடத்தில் ஒரு பெரிய வாய். அதன் ஓரத்தில் வேரோடு சாய்ந்த ஒரு வேப்பமரம்.

போன் அடித்தது. "தம்பி, அந்த மரத்தைப் பாத்தனீரோ?" என்றார். நான் ஓம் என்றேன். "நாளைக்கு வெளிக்கிடும். போவம்" என்றார்.

திங்கட்கிழமை அவருடைய மோட்டார் சைக்கிளில் போனோம். அந்த ஊரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. கதிர் தள்ளவிருந்த குடலைப் பருவத்து நெல் முழுக்க மணலுக்குள் படுத்திருந்தது. சனம் வரம்பு இருந்த இடத்தைக் காலால் தடவித் தேடிக்கொண்டிருந்தது. அவர் ஒருவரிடம் கேட்டு, படம் போட்ட பெண்ணைக் கண்டுபிடித்தார். முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றுக்குள் நின்றார்.

"பிள்ளை, குழுவிலை எழுதினது நீரோ?"

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் தாங்கமுடியவில்லை.

"ஆமாங்க. எவடம்னு கேட்ட ஐயா நீங்கதானுங்களா? வந்துட்டீங்களா? சனிக்கெழமையே வருவீங்கன்னு பாத்தேங்க. நீங்க வந்தா எடத்த காட்டணும்னு பொழுது சாயிற வரைக்கும் கொடைய பிடிச்சிக்கிட்டு அந்த மரத்துக்கிட்டயே நின்னேங்க. நம்ம ஆளுங்க நாலு மண்மூட்டை போட்டாங்க. எங்க வீட்டுக்காரரு கமநல ஐயாவோட வீட்டத் தேடிப் போறேன்னு சைக்கிள எடுத்தாரு. நான்தாங்க வேணாம்னேன். பெரியவங்க எந்த எடம்னு கேட்டிருக்காங்க, ஆளோட வந்துருவாங்கன்னு சொன்னேன்."

அவர் உடைந்த கட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"மழையில பஸ்ஸு கெடச்சிருக்காதுங்க" என்று அந்தப் பெண்ணே ஒரு காரணத்தையும் எடுத்துக் கொடுத்தார்.

"ஓம் பிள்ளை" என்றார் அவர். "பிந்திப்போனன்."

பொய். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. நீ யாரென்று பார்க்கத்தான் கேட்டேன், உன்னை நம்பவில்லை, உன் தமிழை நம்பவில்லை என்று சொல்லவேண்டியதுதானே? ஆனால் அவருக்குப் பக்கத்தில் நானும்தான் நின்றேன். என்னையும் அந்தப் பெண் பார்த்தார். நான் அவருடைய மொழியில் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. அந்தப் பெண் தேத்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் மணந்து பார்க்கவில்லை. வாங்கியபடியே கடகடவென்று குடித்துவிட்டுக் கோப்பையைக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது பாதி வழியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார்.

"அண்டைக்கு அவா எழுதினது உமக்கு விளங்கினதோ?"

"ஓம் அண்ணை. வாசிச்ச உடனை விளங்கினது."

"எப்பிடி?"

"எங்கடை வீட்டிலையும் உப்பிடித்தான் கதைக்கிறது. அம்மா அப்பா மலையிலை இருந்து வந்தவை."

என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரு பதிவைப் பார்ப்பது போலத்தான் பார்த்தார். "ஆறு வருசம் ஒரு சொல்லுச் சொல்லேல்லையே?"

"ஆறு வருசம் நீங்கள் கேட்கேல்லையே."

"கேக்கத் தேவையில்லை எண்டு நினைச்சன். நீர் எங்கடை ஆள் மாதிரித்தானே கதைக்கிறனீர்."

அந்த 'மாதிரி'யை அவர் கவனித்தாரோ என்னவோ. நான் கவனித்தேன். அங்கேயே இறங்கி, பஸ் எடுத்து வீட்டுக்கு வந்தேன். அதுதான் நாங்கள் நேரில் கதைத்த கடைசிக் கதை.

மறுநாள் காலை அவர் என்ன செய்தார் தெரியுமா? பென்டிங்கில் கிடந்த அத்தனையையும் ஒரேயடியாகத் திறந்துவிட்டார். அவருக்குப் பாதி திறந்த வால்வு தெரியாது. ஒன்றில் பூட்டு, இல்லாவிட்டால் திற. கடன் விளம்பரம், வெளிநாட்டு வேலை, எண்ணெய்த் தைலம், அரைகுறை உடுப்புப் படம் எல்லாம் நெல்லுக்கு நடுவில் வந்து விழுந்தன. அந்தக் குப்பைக்குள் அந்தப் பெண்ணின் பதிவும் வெளியே வந்தது, ஏதோ அன்றைக்குத்தான் எழுதியது போல. 'கட்டு உடைஞ்சு முடிஞ்சுது, இப்பதான் கசியுதோ?' என்று ஒருவர் கேட்டார். அதற்குக் கீழே பத்துப் பதினைந்து பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். நான் கண்டு அழிப்பதற்குள் அந்தப் பெண் குழுவை விட்டுப் போய்விட்டார். மத்தியானத்துக்குள் பெரிய அட்மினான அவரும் போய்விட்டார். ஒரு வரி எழுதவில்லை. குப்பை அள்ளுகிற வேலை எனக்கு.

இப்போது நான் மட்டும்தான் அட்மின். முதலாம் கேள்வியையும் மூன்றாம் கேள்வியையும் எடுத்துவிட்டேன். என்ன பயிர் என்பது மட்டும் இருக்கிறது. பதிவுகளை நானும் பிடித்துத்தான் வைக்கிறேன், வைக்காமல் முடியாது. தாமரைப்பூவைக் கண்டால் எனக்கும் சந்தேகம் வருகிறது. வரும்போதெல்லாம் அவரைத் திட்டுகிறேன்.

போன மாதம் ஒரு புதியவர் பயற்றங்கொடியில் புழு என்று எழுதியிருந்தார். படம் தெளிவில்லை. என் கை தானாக 'எவடம்?' என்று தட்டிவிட்டது. அழித்தேன். 'எந்த எடத்துல இருக்குங்க? கிட்டப் போய் ஒரு படம் எடுத்துப் போடுங்க' என்று எழுதினேன். அதை எல்லோரும் பார்க்கிற இடத்தில், என் பெயரோடு போட்டேன். அதற்குப் பிறகு எல்லாவற்றையும் அப்படித்தான் எழுதுகிறேன். இரண்டு நாளில் ஒருவர் கேட்டுவிட்டார்: 'அட்மின்ர கணக்கை ஆரோ இந்தியாக்காரன் பிடிச்சிட்டான் போல?' அதற்கும் சிரிப்புப் பொம்மைகள்.

நாலு நாளைக்கு முன்னர் அவர் திரும்பவும் குழுவில் சேரக் கேட்டார், புதிய ஆளாக. என்ன பயிர் என்ற கேள்விக்கு 'பயிர் இல்லை, பம்ப் திருத்துறனான்' என்று பதில். சேர்த்தேன். உடனே ஒரு பதிவும் எழுதினார். புதிய உறுப்பினரின் பதிவு என்பதால் அது பென்டிங்குக்கு வந்தது.

'அட்மினைப் பற்றி ஆரும் சந்தேகப்படத் தேவையில்லை. ஆளை நான் அறிவன். எங்கடை ஆள்தான்.'

இந்த முறை 'மாதிரி' இல்லை. நான் அதைப் பத்துத் தரம் வாசித்திருப்பேன். மனுசன் அந்த ஒரு சொல்லை எடுக்க எவ்வளவு யோசித்திருப்பார் என்று தெரியும். மனம் இளகியது, உண்மைதான். ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக வந்தது. நான் பிறந்த மண்ணில் என்னை அறிந்தவரென்று ஒருவர் வந்து சாட்சி சொன்னால்தான் நான் உள்ளே இருக்கலாமா? அந்தப் பெண்ணுக்கு யார் சாட்சி சொன்னது?

அனுமதிக்கவும் மனமில்லை, அழிக்கவும் மனமில்லை. நாலு நாளாக அது பென்டிங்கில் கிடக்கிறது. இன்று காலை கடையைத் திறந்ததும் அவருக்கு ஒரு செய்தி அனுப்பினேன். ஒரே ஒரு சொல்தான்.

'எவடம்?'

பார்த்துவிட்டார். எழுதுகிறார் என்று காட்டுகிறது, பிறகு நிற்கிறது, பிறகும் எழுதுகிறார் என்று காட்டுகிறது. நான் காத்திருக்கிறேன்.